அடிக்குறிப்பு ஏழு

பாலாற்று நிலத்தடி நீர் பற்றிய என் ஆய்வேட்டில்
மூன்றாம் இயல், எண்பத்தொன்றாம் பக்கம்,
ஒரு வரி என்னுடையதல்ல:
இந்த ஆறு ஒரு சீட்டு.

காட்பாடியில் ஏறிய பாசஞ்சர்
பச்சகுப்பத்துக்கு முன்னால் நின்றுவிட்ட காலையில்
கிடைத்தது அது.
வெளியே மணல், கருவேலம்,
மணல் அள்ளிய பள்ளத்தில் ஒரு கிழிந்த பாய்.
எதிர் சீட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தவள்
என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
"சீட்டு மாதிரிதான்க்கா இது.
எல்லாரும் போட்டோம். கைக்கு வர்ல."

நோட்டில் குறித்தேன். தேதி போட்டேன்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

சத்துவாச்சாரி அறையில், இரவில்,
அதை அளவெடுத்துத் தைத்தேன்.
மழை கட்டிய தவணை,
ஆழ்துளைக் கிணறு எடுத்த முன்பணம்,
தோல் கழிவு ஒரு செல்லாத நோட்டு.
நடத்தியவன் ஓடிப்போனான் என்று ஒரு பத்தி.
தீபாவளிப் பண்டு கட்டி ஏமாந்த தெருக்காரிக்கு
அந்தப் பத்தி மூச்சுவிடாமல் வந்தது.

நெறியாளர் ஜெயசீலி
ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தார்:
யார்?
'களத்தில் கேட்டது' என்று போட்டேன்.
களம் எப்போதிலிருந்து பேசுகிறது, என்றார்.

ஆறு வாரம் அதே வண்டி, அதே பெட்டி.
ஏழாவது வாரம் குடியாத்தத்தில் ஏறினாள்.
(இங்கே அவளைக் கெங்கா என்கிறேன்.
அது அவள் பெயரல்ல.)
பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.
வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டாள்.
"நல்லாத்தான் கீது.
நான் சொன்னது இது இல்ல."

"ஓடிப்போற சீட்டு இல்லக்கா. ஏலச்சீட்டு.
மொத மாசமே எடுத்துக்கினவன்
அப்புறம் கட்டமாட்டேன்றான்.
எங்கியும் ஓடல. மேலத்தெருவுலயே கீறான்.
பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கிறான்.
நாமளும் மொய் எழுதறோம்."

மூன்று மாத வாதம்
மேல்பட்டி பிளாட்பாரத்தில் இறங்கிப் போனது.
என் சீட்டில் குற்றவாளியைக் காணோம்.
அவள் சீட்டில் அவனுக்கு முகவரி இருந்தது,
ஆற்றின் மேற்கே, அணைக்கட்டுக்கு அந்தப்புறம்,
இந்தப்புறத்திலும் சிலது.

பேர் போடட்டுமா என்றேன்.
"வேணாம். கம்பெனில யாராவது படிச்சிட்டா?"
யாரும் படிக்க மாட்டார்கள் என்றேன்.
அந்த ஆய்வேட்டைப் பற்றி
நான் எவரிடமும் சொன்ன ஒரே உண்மை.
"அப்ப எதுக்கு எழுதறீங்க?"
ஆம்பூர் வந்துவிட்டது.

அன்றிரவு எழுதியது:

7. இவ்வுவமை ஷூ அப்பர் தைக்கும் தொழிலாளி ஒருவருடையது.
தோல் தொழிலாளி என்று முதலில் எழுதினேன்; திருத்தினார்.
அவருக்கு இதைச் சொன்னவர் அடுத்த மிஷின்காரர்.
அவருக்குச் சொன்னவர் யாரென்று தெரியவில்லை.
தவணை, முன்பணம், செல்லாத நோட்டு
நான் ஒட்டியவை.
முதலில் தப்பாகப் புரிந்துகொண்டவளும் நான்.
ஓரிடத்தில் இந்த உவமை நின்றுவிடும்:
சீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று
தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

அடிக்குறிப்பு பக்கத்தைத் தின்கிறது,
சுருக்கு என்றார் ஜெயசீலி.
அவர் சொன்னதும் சரிதான்;
பத்து வரி உடலுக்கு பத்து வரிக் கால்.
அச்சில் இருப்பது இவ்வளவு:
7. நேர்காணல். பெயர் தவிர்க்கப்பட்டது. உவமை தழுவியது.

பைண்டிங் முடிந்த மறுவாரம்
நீல அட்டையை அவள் மடியில் வைத்தேன்.
எண்பத்தொன்றைத் தானே தேடி எடுத்தாள்,
விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வந்தாள்,
அந்தச் சின்ன ஏழில் கொஞ்சம் நின்றாள்.
"பத்திரிகை வெக்கிறான்னு சொன்னேனே,
அது கீதா?"

வெளியே சிக்னல் இன்னும் விழவில்லை.